கணையப் புற்றுநோய்: நிற்காமல் ஓடும் ஒரு கட்டளையை நிறுத்துவது எப்படி?

கோவையிலோ ஈரோட்டிலோ கணையப் புற்றுநோய் என்று உறுதியான ஒருவரின் மருத்துவக் கோப்பைப் புரட்டினால், ஸ்கேன் அறிக்கைக்கும் பயாப்சி அறிக்கைக்கும் பின்னால் இப்போதெல்லாம் இன்னோர் அறிக்கையும் இருப்பதைப் பார்க்கலாம். கட்டியிலிருந்து எடுத்த திசுவின் மரபணுப் பரிசோதனை அறிக்கை அது. பல பக்கங்கள் நீளும். அதில் பெரும்பாலும் ‘கேராஸ் ஜி12டி’ என்றோ ‘கேராஸ் ஜி12வி’ என்றோ ஒரு வரி இருக்கும். உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். “எங்கள் அப்புச்சிக்கு இப்படி வந்திருக்கிறது. இதற்கு மாத்திரை இருக்கிறதாமே?” என்று கேட்கிறார்கள்.

இருக்கிறது, இல்லை என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் கிடையாது. அந்த ஒரு வரியில் இருக்கும் கேராஸ் என்ற புரதத்தைத் தொடவே முடியாது என்று விஞ்ஞானிகள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது தொட முடிகிறது. ஆனால் எல்லாருக்கும் அல்ல, எல்லா வகை மாற்றத்துக்கும் அல்ல. எது யாருக்கு என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் நம்பிக்கையும் வீண் செலவும் குறையும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒளிந்திருக்கும் உறுப்பு

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம். சாப்பாட்டைச் செரிக்கும் நொதிகளையும் இன்சுலினையும் சுரப்பது இதுதான். அதன் தலைப்பகுதி சிறுகுடலின் வளைவுக்குள் பொதிந்திருக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் அந்தத் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்குள் இறங்குகிறது. அங்கே கட்டி வந்தால் பித்தநாளம் நசுங்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர்நிறமாகும், மலம் வெளுத்துப்போகும், உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும்.

நம் பகுதியில் கண் மஞ்சளானதும் காமாலை என்று முடிவுகட்டி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் இருக்கச் சொல்வது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. வைரஸ் காமாலை பலருக்குத் தானாகவே சரியாகிவிடுவதால் அந்த வைத்தியத்துக்கு நல்ல பெயரும் இருக்கிறது. ஆனால் அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு வலியே இல்லாமல் கண் மஞ்சளாகி, கூடவே எடையும் குறைந்தால் அது வேறு கதை. அங்கே பத்தியத்தில் போகும் ஒவ்வொரு வாரமும் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பிலிருந்து கழிகிறது. ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை நோய் வந்து, கூடவே உடல் இளைத்தாலும் கணையத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறைவதும் ஓர் அடையாளம்.

கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் ஐந்தில் ஒருவருக்குத்தான், சில சமயம் அதற்கும் குறைவாகத்தான், கட்டியை அறுத்தெடுக்க முடிகிற நிலை இருக்கிறது. முழுமையாகக் குணமாவதற்கு இன்றும் அறுவை சிகிச்சையே வழி. அந்தச் சிகிச்சையில் கோவைக்கு உலக அளவில் ஓர் இடம் உண்டு. கணையத் தலைப்பகுதியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் தாக்கும் கட்டிகளை லேப்ராஸ்கோப்பி முறையில் எடுப்பதையும் வயிற்றைத் திறந்து எடுப்பதையும் ஒப்பிட்டு, டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் 64 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. திறந்த முறையில் 13 நாளாக இருந்த மருத்துவமனை வாசம் லேப்ராஸ்கோப்பியில் 7 நாளாகக் குறைந்ததை அது காட்டியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வுகளில், இந்தத் துறையில் உலகில் முதலில் வந்தவற்றுள் அதுவும் ஒன்று.

அறுக்க முடியாதவர்களுக்குக் கீமோதெரபி. பிரான்சில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஃபால்ஃபிரினாக்ஸ் முறை, உடலில் பரவிவிட்ட கணையப் புற்றுநோய்க்காரர்களின் இடைநிலை ஆயுளை (பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும் வாழும் காலம்) 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக உயர்த்தியது. இந்தத் துறையில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் கீமோதெரபி, வேகமாகப் பிரியும் செல்கள் எங்கே இருந்தாலும் தாக்கும்; முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் அதனால்தான். கட்டியை வளரச்செய்யும் கட்டளையை மட்டும் தேடிப்போய் நிறுத்த முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் சமிக்ஞைப் பாதைகளின் கதை தொடங்குகிறது.

கட்டளை எப்படிப் போகிறது?

ஒரு செல் தன்னிச்சையாகப் பிரிவதில்லை. வெளியிலிருந்து ‘வளர்’ என்ற செய்தி வர வேண்டும். வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் வந்து ஒட்டுகிறது. ஈஜிஎஃப்ஆர் அப்படிப்பட்ட ஓர் ஏற்பி. ஒட்டியதும் ஏற்பியின் உள்முனை விழித்துக்கொண்டு, செல்லின் உள்சுவரில் தொற்றியிருக்கும் ராஸ் என்ற சிறு புரதத்தை உசுப்புகிறது. ராஸ், ராஃப் என்ற புரதத்தை உசுப்பும். ராஃப் மெக்கை, மெக் எர்க்கை. எர்க் உட்கருவுக்குள் போய், பிரிவதற்குத் தேவையான மரபணுக்களை இயக்கும். இதே ராஸிலிருந்து இன்னொரு கிளையும் பிரிகிறது: பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்று போகும் அந்தக் கிளை, செல் உணவை எடுத்துக்கொள்வதையும் சாகாமல் தாக்குப்பிடிப்பதையும் பார்த்துக்கொள்கிறது. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகச் செய்தி கைமாறும் வரிசையைத்தான் சமிக்ஞைப் பாதை என்கிறோம்.

இந்த வரிசையில் ராஸின் இடம் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரின் இடம் போன்றது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட்டருக்குள் பாயின்ட்கள் சேரும், மோட்டார் ஓடும். சிவப்பை அழுத்தினால் பாயின்ட்கள் விலகும், மோட்டார் நிற்கும். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் மோட்டார் திணறித் திணறி ஓடி, பாயின்ட்கள் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போது சிவப்பை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. பச்சைப் பொத்தானைப் பிடுங்கியே போட்டாலும் நிற்காது. கணையப் புற்றுநோயில் நடப்பது இதுதான்: ராஸ் குடும்பத்தில் ஒன்றான கேராஸ் என்னும் பாயின்ட் ஒட்டிக்கொள்கிறது.

கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். கேராஸ் புரதம் தன்னிடம் ஒரு சிறு மூலக்கூற்றைப் பிடித்துவைத்திருக்கும். அதில் மூன்று பாஸ்பேட்கள் இருக்கும்வரை கேராஸ் இயங்கும் நிலையில் இருக்கிறது. ஒரு பாஸ்பேட் வெட்டுப்பட்டு இரண்டாகிவிட்டால் ஓய்ந்துவிடுகிறது. வெட்டும் வேலையைக் கேராஸ் தனியாக மிக மெதுவாகத்தான் செய்யும். அதற்குத் துணையாக வேறொரு புரதம் வந்து, தன் அர்ஜினைன் என்ற ஒரு நீட்சியைச் சரியாக அந்த மூன்றாம் பாஸ்பேட்டை ஒட்டி நுழைக்கும். அடுத்த கணம் வெட்டு விழும். அந்தத் துணைப் புரதம்தான் இங்கே சிவப்புப் பொத்தான்.

கேராஸின் 12ஆம் இடத்தில் இருப்பது கிளைசின். புரதங்கள் கோக்கப்படும் இருபது அமினோ அமிலங்களில் மிகச் சிறியது. அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. அந்தச் சிறிய இடைவெளி இருப்பதால்தான் அர்ஜினைன் உள்ளே நுழைய முடிகிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறி, கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் வந்து உட்கார்ந்தால் அதன் பெயர் ஜி12டி. வேலின் வந்தால் ஜி12வி, அர்ஜினைன் வந்தால் ஜி12ஆர், சிஸ்டைன் வந்தால் ஜி12சி. எது வந்தாலும் கிளைசினைவிடப் பெரியது. இடைவெளி அடைபடுகிறது, வெட்டு விழுவதில்லை, கட்டளை ஓய்வதில்லை. மனித மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய முந்நூறு கோடி எழுத்துகள் இருக்கின்றன. அதில் ஒன்று மாறியதற்கு இவ்வளவு விளைவு.

கணைய நாளத்தில் தோன்றும் புற்றுநோய்தான் கணையப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது. அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கேராஸ் மாற்றம் இருக்கிறது. வேறெந்த உறுப்பின் புற்றுநோயிலும் ஒரே மரபணு இந்த அளவுக்கு ஆதிக்கம் செலுத்துவது அரிது. ஜி12டி ஏறக்குறைய நாற்பது விழுக்காடு, ஜி12வி முப்பதை ஒட்டி, ஜி12ஆர் பதினைந்தை ஒட்டி. ஜி12சி ஒன்றிரண்டு விழுக்காடுதான். இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேராஸ் மாறிய மறுநாளே புற்றுநோய் வந்துவிடாது. அதன்பின் பி53, பி16, ஸ்மாட்4 ஆகிய கட்டுப்படுத்தும் புரதங்களுக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் சேதமடைய வேண்டும். இறந்த நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் மாற்றத்திலிருந்து முழுப் புற்றுநோய் உருவாகப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆகிறது என்று கணக்கிட்டது. இன்று கட்டியாகத் தெரிவது பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. நோயாளி போன மாதம் எதைச் சாப்பிட்டார் என்று குடும்பத்தார் குமைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

குச்சிக்கிழங்கின் மேல் விழுந்த பழி

சாப்பாடு என்றதும் சேலம், நாமக்கல் பக்கத்து நண்பர்கள் குச்சிக்கிழங்கைப் பற்றிக் கேட்பார்கள். மரவள்ளி விளைந்து, ஜவ்வரிசி ஆலைகள் ஓடும் ஊர்கள் அவை. கேள்வி காரணமில்லாமல் வந்ததல்ல. குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினருக்குக் கணையம் வீங்கி, நாளத்துக்குள் கற்கள் உருவாகி, பிறகு சர்க்கரை நோயும் வருவதைக் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் 1960களில் விரிவாகப் பதிவு செய்தார். தமிழ்நாட்டிலும் இது காணப்பட்டது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். மரவள்ளியில் உள்ள சயனைடு தரும் சேர்மங்கள் காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருதுகோள் எழுந்தது. மரவள்ளி அதிகம் உண்ணாத இடங்களிலும் நோய் இருந்ததால் அந்தக் கருதுகோள் நிலைபெறவில்லை. பின்னர் இந்நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரியவந்தது.

கிழங்கு தப்பித்தாலும், நோயை அலட்சியம் செய்ய முடியாது. சென்னையில் இந்த அழற்சி உள்ள 185 பேரைத் தொடர்ந்து கவனித்து 1994இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல நூறு மடங்கு என்று கண்டது. ஏன் என்பதற்குச் சமிக்ஞைப் பாதையிலிருந்து ஒரு விளக்கம் கிடைத்தது 2007இல். வளர்ந்த எலிகளின் கணையத்தில் கேராஸை மட்டும் மாற்றியபோது புற்றுநோய் வரவில்லை. அதோடு நாள்பட்ட அழற்சியும் சேர்ந்தபோது வந்தது. வீக்கத்தில் உள்ள திசு ஓயாமல் ‘வளர், ஆறு’ என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மாறிப்போன கேராஸ் அந்தச் செய்தியை அடங்கவிடுவதில்லை. நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்கள் புகையிலையை எந்த வடிவத்திலும் தொடக் கூடாது என்று மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான். பீடியும் சிகரெட்டும் தனியாகவே கணையப் புற்றுநோய்க்கு உறுதிப்பட்ட காரணங்கள். அழற்சியோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

தோற்றுப்போன முயற்சிகள்

ராஸ் மரபணுவின் மாற்றம் மனிதப் புற்றுநோயில் கண்டறியப்பட்டது 1982இல். அடுத்த முப்பது ஆண்டுகளில் அதை நேரடியாகத் தடுக்கும் மருந்து ஒன்றுகூட வரவில்லை. காரணம் உண்டு. பாஸ்பேட் மூலக்கூற்றைக் கேராஸ் மிகமிக இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. செல்லுக்குள் அந்த மூலக்கூறு ஏராளமாக மிதக்கிறது. அதைத் தள்ளிவிட்டு ஒரு மருந்து அந்த இடத்தைப் பிடிப்பது நடக்காத காரியம். வேறு எங்காவது பற்றிக்கொள்ளலாம் என்றால், புரதத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழப்பானது. மருந்து பதிவதற்குக் குழியே இல்லை.

அதனால் மேலேயும் கீழேயும் கை வைத்துப் பார்த்தார்கள். மேலே ஈஜிஎஃப்ஆர் ஏற்பியைத் தடுக்கும் எர்லோட்டினிப் மாத்திரையை, ஜெம்சிடபின் என்ற கீமோதெரபி மருந்துடன் சேர்த்துக் கணையப் புற்றுநோய்க்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இல் அனுமதித்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் 569 பேர். இடைநிலை ஆயுள் 5.91 மாதத்திலிருந்து 6.24 மாதமாயிற்று. பத்து நாள். பாயின்ட் ஒட்டிக்கொண்ட ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை மறைத்துக் கட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. இந்த முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்தப் பத்து நாளுக்காகத் தோல் முழுவதும் தடிப்போடும் வயிற்றுப்போக்கோடும் எத்தனை பேர் அந்த மாத்திரையை விழுங்கியிருப்பார்கள்!

கீழே மெக் புரதத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். டிராமெட்டினிப் என்ற மருந்தை ஜெம்சிடபினுடன் சேர்த்து 160 நோயாளிகளிடம் சோதித்ததில் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. இதற்கான காரணம் சமிக்ஞைப் பாதைகளைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி. எர்க் மிகையாகும்போது, ‘போதும்’ என்று மேலே உள்ள புரதங்களுக்குத் தானே ஒரு செய்தி அனுப்பும். மெக்கைத் தடுத்தால் எர்க் அடங்கும். கூடவே அந்தப் ‘போதும்’ செய்தியும் நின்றுவிடும். மேலே உள்ள ஏற்பிகள் கட்டவிழ்ந்து, பிஐ3கே கிளை வழியாகச் செல்லை வாழவைக்கும். இன்னொரு தப்பும் வழியும் 2019இல் தெரியவந்தது: எர்க் பாதையை அடைத்தால் செல் தன் உள்ளுறுப்புகளையே செரித்துத் தின்று பிழைத்துக்கொள்கிறது. இந்தத் தன்னுண்ணலைத் தடுக்க மலேரியா மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ராக்சிகுளோரோகுயினை மெக் தடுப்பானுடன் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகள் அதிலிருந்து கிளம்பின.

இன்னும் வேதனையான பாடம் ஹெட்ஜ்ஹாக் என்ற வேறொரு சமிக்ஞைப் பாதையில் கிடைத்தது. கணையக் கட்டியைத் தொட்டால் கல் மாதிரி இருக்கும். அதில் புற்றுசெல்களைவிட அவற்றைச் சுற்றியுள்ள நார்த்திசுதான் பெரும்பகுதி. மருந்து உள்ளே போகாமல் இருப்பதற்கும் அதுவே காரணம் என்று கருதினார்கள். புற்றுசெல்கள் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை அனுப்பித்தான் அந்த நாரை வளர்க்கின்றன. அதைத் தடுத்தால் நார் கரையும், கீமோதெரபி உள்ளே பாயும் என்ற எண்ணம் 2009இல் எலிகளில் பலித்தது. மனிதர்களிடம் நடந்த ஆய்வை 2012இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்றவர்கள் பெறாதவர்களைவிட விரைவாக இறந்தார்கள். கட்டியைப் பொதிந்திருந்த அதே நார்த்திசு, கட்டி பரவாமல் ஓரளவு பிடித்தும் வைத்திருந்தது என்பது அதன்பிறகே புரிந்தது. எலியில் பலித்த செய்தி நாளிதழில் வரும்போது உடனே நம் அப்பாவுக்கும் கிடைக்குமா என்று தேடக் கூடாது என்று நான் சொல்வது இந்த ஆய்வை மனதில் வைத்துத்தான்.

குழி கிடைத்தது

2013இல் கலிபோர்னியாவில் கெவன் ஷோகட் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். ஜி12சி மாற்றத்தில் 12ஆம் இடத்தில் வந்து உட்காரும் சிஸ்டைனில் கந்தக அணு இருக்கிறது. அதோடு வேதிப்பிணைப்பு ஏற்படுத்தி நிரந்தரமாகப் பற்றிக்கொள்ளும் சிறு மூலக்கூறுகளைத் தேடியபோது, அதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு குழி கேராஸில் திறந்தது. ஓய்ந்த நிலையில் இருக்கும் கணத்தில்தான் அந்தக் குழி திறக்கிறது. மருந்து அங்கே பதிந்துவிட்டால் கேராஸ் மறுபடி இயங்க முடியாது. இந்த வழியில் வந்த சோடோராசிப் 2021 மே மாதம் நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடாக்ராசிப் 2022 டிசம்பரில்.

கணையத்தில் எப்படி? சோடோராசிப் பெற்ற 38 பேரில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. இவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கீமோதெரபி எடுத்து, அதையும் மீறி நோய் முற்றியவர்கள். அடாக்ராசிப் பெற்ற 21 பேரில் மூன்றில் ஒருவருக்குச் சுருங்கியது. அத்தகைய நோயாளிகளிடம் இது கண்ணைத் திறக்கும் செய்தி. ஆனால் சற்று முன்பு சொன்ன விகிதத்தை இங்கே பொருத்திப் பாருங்கள்: கணையப் புற்றுநோயில் ஜி12சி ஒன்றிரண்டு விழுக்காடுதான். அறிக்கையில் ஜி12டி என்று இருப்பவருக்குச் சோடோராசிப் வாங்கிக் கொடுத்தால் பயன் கிடையாது. அங்கே அது பற்றிக்கொள்ள வேண்டிய கந்தக அணுவே இல்லை. ‘கேராஸ் மாத்திரை’ என்று பொதுவாகக் கேள்விப்பட்டு, தோட்டத்தை அடமானம் வைக்கக் கிளம்பும் குடும்பங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: அந்த வரியில் 12க்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த எழுத்துக்கு, கணையப் புற்றுநோயில், மனிதர்களிடம் என்ன முடிவு கிடைத்திருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஜி12டிக்கும் மற்றவற்றுக்கும் இப்போது வேறு உத்தி வந்திருக்கிறது. டாராக்சோன்ராசிப் என்ற மருந்து தனியாகக் கேராஸைப் பிடிப்பதில்லை. செல்லுக்குள் ஏராளமாக இருக்கும் சைக்ளோஃபிலின் ஏ என்ற புரதத்தோடு முதலில் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்த உருவம், இயங்கிக்கொண்டிருக்கும் ராஸின் மேல் போய்க் கவிந்து, ராஃப் முதலிய அடுத்த புரதங்கள் நெருங்க முடியாமல் செய்கிறது. வழவழப்பான மேற்பரப்பில் சிறு மருந்துக்குப் பிடி கிடைக்காது என்றால், பெரிய புரதம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய் மூடிவிடலாம் என்ற யோசனை அது. 12ஆம் இடத்தில் எந்த எழுத்து என்பது இதற்குப் பொருட்டில்லை. தொடக்கநிலை ஆய்வுகளின் முடிவுகள் ஊக்கமளித்ததால், முன்பே சிகிச்சை பெற்று நோய் பரவிய கணையப் புற்றுநோய்க்காரர்களுக்காக அமெரிக்க நிர்வாகம் 2025இல் இதற்கு முன்னுரிமைத் தகுதி வழங்கியது. மருந்து அதற்கு முன்பே மூன்றாம் கட்ட ஆய்வுக்குப் போயிருந்தது. நல்ல செல்களிலும் ராஸ் இருப்பதால் தோல் தடிப்பு, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு ஆகியவை வருகின்றன. இவ்வளவு காலம் வெறுங்கையோடு நின்ற துறையில் இது உண்மையான நம்பிக்கை என்றே நினைக்கிறேன். ஆனால் எர்க் பாதையில் பார்த்த அதே தப்பும் குணம் இங்கும் உண்டு; கட்டி சில மாதங்களில் வேறு வழி தேடிக்கொள்வதைப் பலரிடம் பார்க்கிறார்கள். அதனால்தான் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகள் நடக்கின்றன.

புதிய மருந்துகள் பலவும் முதலில் ஆய்வுகளின் வழியாகத்தான் நோயாளிக்குக் கிடைக்கும். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவகம் 2007 முதல் இயங்குகிறது. யார் வேண்டுமானாலும் அதன் இணையதளத்தில் நோயின் பெயரைப் போட்டுத் தேடலாம். முறையான ஆய்வில் சேருபவரிடம் மருந்துக்காகப் பணம் கேட்பதில்லை. யாராவது ‘ஆய்வு மருந்து’ என்று சொல்லிக்கொண்டு லட்சங்களைக் கேட்டால் உஷாராகுங்கள்.

கேராஸ் மாறாத அந்தச் சிலர்

பத்தில் ஒருவருக்கும் குறைவாக, கேராஸ் இயல்பாகவே இருக்கும். ‘கேராஸ் மாற்றம் இல்லை’ என்று பார்த்ததும் அறிக்கையை மூடிவிடக் கூடாது. இவர்களிடம் வேறு ஏதோ ஒரு பாதை கெட்டிருக்கும். அதற்கு மருந்து இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மரபணுக்கள் தவறுதலாக ஒட்டிக்கொள்வதால் உண்டாகும் என்டிஆர்கே இணைவுக்கு லாரோடிரெக்டினிப் 2018இலேயே அனுமதி பெற்றது. என்ஆர்ஜி1 இணைவுக்கு ஜெனோகுடுசுமாப் 2024 டிசம்பரில் வந்தது. இந்த இணைவுகள் அரிதானவை, ஆனால் அவை இருப்பவருக்கு அந்த மருந்துதான் முக்கியம்.

பிராக்கா: நோயாளியோடு முடியாத செய்தி

கடைசியாக ஒரு மரபணு. பிராக்கா1, பிராக்கா2 இரண்டும் சமிக்ஞைப் பாதையைச் சேர்ந்தவை அல்ல. டிஎன்ஏவில் ஏற்படும் முறிவுகளைப் பழுதுபார்ப்பவை. இவை பிறவியிலேயே பழுதாக இருப்பவரின் கட்டி, பிளாட்டினம் வகைக் கீமோதெரபிக்கு நன்றாக மசிகிறது. அதன்பின் ஒலாபரிப் மாத்திரையைத் தொடரலாம். செல்லிடம் மிச்சமிருக்கும் இன்னொரு பழுதுபார்க்கும் வழியையும் அது அடைத்துவிடுகிறது. 2019இல் வெளியான ஆய்வில் நோய் முற்றாமல் இருக்கும் காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமாயிற்று. மொத்த ஆயுள் குறிப்பிடும்படி கூடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஆய்வுக்காக 3,315 பேரைச் சோதித்ததில் 7.5 விழுக்காட்டினருக்குப் பிறவிப் பிராக்கா மாற்றம் இருந்தது.

கணையப் புற்றுநோய் என்று உறுதியான ஒவ்வொருவருக்கும், குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும், பிறவி மரபணு மாற்றங்களுக்கான ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கட்டித் திசுவில் செய்யும் சோதனை வேறு, இது வேறு. கேராஸ் மாற்றம் கட்டியில் மட்டும் இருப்பது, பிள்ளைகளுக்குப் போகாது. பிராக்கா மாற்றம் உடலின் எல்லாச் செல்களிலும் இருப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் போக இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு, மகனானாலும் மகளானாலும்.

நம் பக்கத்தில் இந்த அறிக்கையை மறைக்கிறார்கள். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த மகளுக்கு மாற்றம் இருந்தால் 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ எடுத்து, நோய் வந்தாலும் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம். மகனுக்கு இருந்தால், குறிப்பாகப் பிராக்கா2 இருந்தால், 40 வயதிலிருந்து புராஸ்டேட் பரிசோதனை. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: அம்மா, அப்பா இருவரிடமும் பிராக்கா2 மாற்றம் இருந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அது வந்துவிட்டால், ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான குழந்தைப் பருவ நோய் வரக்கூடும். நிச்சயம் பண்ணுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நோயாளியின் ரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலை மரபணு ஆலோசகரிடம் கையோடு கொண்டுபோனால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முழுப் பரிசோதனை தேவைப்படாது. அந்த ஒரே மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், செலவும் நன்றாகக் குறையும்.